ஒருவர் பிடிக்க, ஒருவர் பார்க்க



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் பாதிப் பேர் வீட்டில் சுவர்கள் மொட்டையாக நிற்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று படங்களையெல்லாம் கழற்றி, கட்டில்மேல் பழைய புடவையை விரித்து அடுக்கியிருப்பீர்கள். படம் இருந்த இடத்தில் மட்டும் பழைய பெயின்ட் நிறம் மங்காமல் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கத்திலேயே, தினசரி காலண்டர் ஃபேன் காற்றில் ஆடி ஆடிச் சுவரில் கீறிவைத்த வளைகோடு. பெயின்ட் வாசனை அடங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டும் வேலை வரும். அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன்.

இதில் பேச என்ன இருக்கிறது, ஆணியை அடித்தோமா மாட்டினோமா என்று நினைப்பவர்கள், இதழை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு உறவினர் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு படமாவது ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நம் வீட்டில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் உறவினர் வீட்டைச் சொன்னேன்.

இந்தப் பேச்சு கிளம்பியது கும்மிடிப்பூண்டியில். சிப்காட் பக்கம் குடியிருக்கும் நம் வாசகர் ஒருவர், இரும்பு ஆலைகளில் மெஷின் இறக்கி நிறுத்தும் ஃபிட்டர். மெஷினை அடித்தளத்தில் உட்காரவைத்து, காலுக்கு அடியில் ஷிம் தகடு செருகி, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவைக்கூடக் காட்டிக்கொடுக்கும் லெவலை மேலே வைத்துப் பார்த்த பிறகுதான் போல்ட்டை முறுக்குவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு முன்னறையில் அவருடைய கல்யாணப் படம் வலப்பக்கம் ஒரு விரல்கடை சரிந்து தொங்கியது. நான் கவனித்ததைப் பார்த்துவிட்ட அவர் மனைவி, "காலையில நேரா வெச்சா சாயங்காலத்துக்குள்ள அதுவா திரும்பிக்குது சார். இவரைக் கேட்டா ஊரு மெஷினுக்கெல்லாம் லெவல் பாப்பாரு" என்று சிரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் லோடு லாரி ஒன்று திரும்பியது. படத்தின் கண்ணாடி லேசாகச் சிலுசிலுத்தது.

படம் தானாகத் திரும்புகிறது என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. அதே சுவரில் மாட்டியிருந்த சிவகாசி காலண்டர் மட்டும் நேராக நின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணக்குக்குள் அடங்குவது.

காலண்டருக்கு ஒரே ஓட்டை, அதுவும் நட்டநடுவில். கனம் அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருக்கும். காற்று எவ்வளவு ஆட்டினாலும், ஆட்டம் ஓய்ந்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சட்டம் போட்ட படம் அப்படி அல்ல. அதன் முதுகில் இரண்டு வளையம், நடுவே ஒரு கயிறு, கயிறு உட்காருவது ஒற்றை ஆணியில். கயிறு ஆணிமேல் வழுக்கக்கூடியது. வளையங்கள் இரண்டு ஓரத்துக்கும் விலகி, கயிறு விறைப்பாகவும் இருந்தால், நேராக நிற்பது அந்தப் படத்துக்கு இயல்பான நிலையே கிடையாது. ஒரு பக்கம் நழுவினால் படத்தின் கனம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வழி கிடைக்கிறது. இறங்கியது தானாக ஏறி வராது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வளையங்கள் 20 அங்குலம் விலகியிருக்கின்றன, படத்தின் கனமையம் அவற்றுக்கு 6 அங்குலம் கீழே இருக்கிறது என்று வையுங்கள். உராய்வின் தயவில்லாமல் அந்தப் படம் நேராக நிற்க வேண்டுமானால் கயிற்றின் உச்சி வளையங்களுக்கு மேலே ஏறத்தாழ 17 அங்குலம் எழும்ப வேண்டும். அவ்வளவு நீளக் கயிற்றை எந்த வீட்டிலும் யாரும் விடுவதில்லை. படத்துக்கு மேலே கயிறு தெரியும். அதே வளையங்களை 8 அங்குலத்துக்கு நெருக்கிவைத்தால் 3 அங்குலம் போதும். ஆகவே, நம் வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை நேராக நிற்பதே ஆணிக்கும் கயிற்றுக்கும் இடையிலுள்ள பிடியின் புண்ணியத்தில்தான்.

அந்தப் பிடியைத் தளர்த்துவது அதிர்வு. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதை மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வரிசையாக ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. பக்கத்திலேயே கொல்கத்தா போகும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதில் இரவும் பகலும் கம்பியும் தகடும் ஏற்றிய டிரெய்லர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் படம் மயிரிழை நகர்கிறது. வண்டி போகாத ஊரில் இருப்பவர்களுக்குக் கதவை அறைந்து சாத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைந்தவர்களின் படமானால் மாலையும் ஒரு காரணம்: காய்ந்த சரத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது படமும் கூடவே வருகிறது.

வழி எளிது. கயிற்றைக் கழற்றிவிட்டு, வளையத்துக்கு ஓர் ஆணி என்று இரண்டு ஆணி அடியுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்துவிட்டால் படம் திரும்புவதற்கு இடமே இல்லை. சட்டத்தின் கீழ் மூலைகளில் பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி ஒட்டினால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்டமும் இருக்கும். பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஈரக்காற்றில் இது முக்கியம். ஓதம் ஏறிய சுவரில் ஒட்டிக் கிடக்கும் படத்தின் பின்பலகை முதலில் ஊறும், பிறகு கரையானுக்கு விருந்தாகும்.

நம் பழைய வீடுகளில் இதற்கு இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. வாசற்படிக்கு மேலே, உயரத்தில், முன்பக்கம் குனிந்தாற்போல வரிசையாகப் படங்கள் நிற்கும். கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் குனிவு. படம் குனிய வேண்டுமானால் கயிற்றை முதுகில் சற்றுக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் பக்கவாட்டில் சரிவது இன்னும் சுலபமாகிவிடும். அதனால் படத்தின் கனத்தைக் கீழே அடித்த இரண்டு ஆணிகளிலோ ஒரு மரச்சட்டத்திலோ உட்காரவைத்தார்கள். மட்டத்தைக் கீழ் ஆணிகள் பார்த்துக்கொள்ளும். கயிற்றுக்குக் குனிவை இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும்தான். எத்தனை வண்டி போனாலும் அது அசையாது. படத்துக்கும் சுவருக்கும் நடுவில் குருவி கூடு கட்டினாலும் தாங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒருவர் கை தூக்குவது எனக்குத் தெரிகிறது: "வாடகை வீடு சார், ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லியிருக்காரு." அட்வான்ஸ், கரண்ட் பில் கணக்குக்கு அடுத்தபடி நம் ஊர் வாடகைப் பேச்சில் தவறாமல் வரும் நிபந்தனை இது. ஏற்கெனவே குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணிகளில்தான் புதிதாக வருபவரின் சாமியும் சொந்தமும் தொங்கவேண்டியிருக்கிறது. அந்த ஆணி ஜன்னலுக்கு நேர் பக்கத்தில் இருந்தாலும் சரி, மூலையில் இருந்தாலும் சரி.

கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் அருகே, சின்னம்பேடு என்கிற சிறுவாபுரியில் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வருவது அங்கே வழக்கம். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சாலையில் போகும் கூட்டத்தைப் பார்த்தால், வீடு என்கிற சொல்லுக்குள் எத்தனை பேரின் எத்தனை வருஷத்து ஆசை அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். வீடு கட்டி முடித்தவர்கள் பால் காய்ச்சும் அன்று முதல் ஆணியை அந்த முருகன் படத்துக்குத்தான் அடிக்கிறார்கள். யாரையும் கேட்காமல் அடிக்கும் ஆணி அது. அந்தப் படம் கோணலாக இருக்கலாமா?

சுவரில் படம் மாட்டுவது எல்லா வீட்டுக்கும் வாய்த்ததே அண்மைக் காலத்தில்தான். ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் கல்லச்சு அச்சகம் தொடங்கி வண்ணப் படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பிறகுதான், அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரணக் குடும்பங்களின் சுவருக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்து 1976 வரை வாழ்ந்தவர். நாடகத் திரைச்சீலை வரைந்த கை. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்றும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுகிறார்கள்.

நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சுவர்களில் அந்தத் தெய்வங்களோடு வேறு பலரும் இருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று ஷெட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ. பெரியவர்களின் கறுப்பு வெள்ளைப் படம். அம்பேத்கர். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து, ஓர் அறையை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்களின் சுவரில் துர்க்கையோ ஜெகந்நாதரோ செல்லோடேப்பில் ஒட்டியிருப்பார்கள். 1990இல் அமைந்த கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், கடல் தாண்டி வரும்போது கையோடு எடுத்துவர முடிந்த படங்கள் இருக்கின்றன. இந்தப் படங்களில் பலவற்றுக்கு மறுபிரதி கிடையாது. ஆணி பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தால் உடைவது கண்ணாடி மட்டுமல்ல.

ஆகவே சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூளைச் செங்கல் சுவரில் ஆணி நன்றாகப் பிடிக்கும். இப்போது எழும்பும் லைன் வீடுகளில் பாதி ஹாலோ பிளாக். விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமை ஒலிக்கிற இடத்தில் ஆணியை இறக்கினால் அது தொளதொளவென்று ஆடும். எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கிலும் வெறும் ஆணி நிற்காது. டிரில் போட்டு, ராவல் பிளக் செருகி, ஸ்க்ரூ முடுக்குவதே நல்லது. சாதாரணப் படத்துக்கு 6 மில்லிமீட்டர் துளை போதும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள். சுவருக்குள் மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

அந்த ராவல் பிளக்குக்கும் ஒரு கதை உண்டு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் மின்சாரச் சாதனங்கள் பொருத்த வேண்டியிருந்தது. சுவரைப் பெயர்த்துப் பெரிய மரக்கட்டை அடிப்பதுதான் அதுவரை வழக்கம். மியூசியச் சுவரை அப்படிப் பெயர்க்க முடியுமா? வேலையை எடுத்திருந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சணல் நாரைப் பசை சேர்த்துக் குழலாக்கி, சிறிய துளைக்குள் செருகி, அதில் திருகாணியை ஏற்றினார். ஏற ஏறக் குழல் விரிந்து சுவரைக் கவ்விக்கொண்டது. அவர் பெயர்தான் நம் ஹார்டுவேர் கடைகளில் ராவல் ஆனது. நைலானில் செய்த பிளக் 1958இல் ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் கண்டுபிடித்தது. வீட்டுச் சுவரில் பெரிய காயம் விழக் கூடாது என்ற கவலை ஹவுஸ் ஓனருக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறது.

உயரம் எவ்வளவு? ஓவியக் காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வருமாறு மாட்டுவார்கள். நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. உட்கார்ந்து பேசும் கூடமானால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். சாமி படமும் முன்னோர் படமும் தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்பது நம் மரியாதை. அதை எந்த அங்குலக் கணக்கும் மாற்ற வேண்டியதில்லை. ஆணி எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: 20 அங்குல உயரப் படத்தின் நடு 58 அங்குலத்தில் வர வேண்டும், வளையம் சட்டத்தின் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே இருக்கிறது என்றால், 58உடன் 10ஐக் கூட்டி 3ஐக் கழியுங்கள். ஆணி 65 அங்குலத்தில். செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டி, வளையத்தின் இடத்தைக் குறித்து, முதலில் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டால் வீண் துளை விழாது.

அடுத்தது மட்டம். கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக் குமிழி நடுவில் நின்றால் மட்டம் என்கிற இந்தக் கருவி 1661 வாக்கில் பிரான்சின் தெவெனோ கண்டுபிடித்தது. அது இல்லாதவர்கள் கைப்பேசியில் உள்ள லெவல் வசதியைப் பயன்படுத்தலாம். கேமரா புடைத்திருப்பதால் பேசியின் முதுகை வைக்காமல் பக்க விளிம்பைச் சட்டத்தின்மேல் வையுங்கள்.

ஆனால் ரசமட்டம் சரி என்று சொன்ன படமும் சில வீடுகளில் கோணலாகத் தெரியும். காரணம் வீடு. பரணின் விளிம்போ கூரையின் கோடோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். படம் நேர், வீடு கோணல், பழி படத்தின்மேல். 1948இல் ஹெர்மன் விட்கின், சாலமன் ஆஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருட்டறையில் ஒளிரும் சட்டம் ஒன்றைச் சாய்த்துவைத்து, அதற்குள் இருக்கும் ஒளிரும் கோலைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னால், பலரும் சட்டம் சாய்ந்த பக்கமே கோலையும் சாய்த்துவிட்டு நேராகிவிட்டது என்றார்கள். சுற்றியிருப்பதை வைத்துத்தான் எது நேர் என்பதைக் கண் முடிவுசெய்கிறது. ஆகவே படம் கூரைக்கோட்டை ஒட்டி இருந்தால் கூரையோடு ஒத்துப்போகவிடுங்கள். தள்ளி இருந்தால் ரசமட்டத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால், தினமும் அதைப் பார்க்கப்போகிறவரின் கண்ணுக்கு எது நேரோ அதுவே நேர்.

அந்தக் கண் யாருடையது? படத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருடையதாக இருக்க முடியாது. ஸ்டூல்மேல் ஏறி, மூக்கு கண்ணாடியில் உரச, இரண்டு கையாலும் சட்டத்தைத் தாங்கி நிற்பவருக்குப் படத்தின் கோணல் மட்டும் தெரியாது. பத்தடி தள்ளி நின்று, "ஏங்க, இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க… ஐயோ அவ்ளோ வேணாம்… ம், அப்படியே பிடிங்க" என்று சொல்பவருக்குத்தான் தெரியும். இரண்டடி அகலப் படத்தில் ஒரு பாகைச் சரிவு என்பது ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறக்கம். தள்ளி நிற்பவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கிட்டே இருப்பவர் திறமை குறைந்தவர் என்பதல்ல. அவர் நிற்கும் இடம் அப்படி. 0.02 மில்லிமீட்டருக்குப் பெயர்போன நம் ஃபிட்டரும் அன்றைக்கு மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லித்தான் இரண்டாவது ஆணிக்குக் குறி போட்டார்.

பத்திரிகை வேலையும் இதுதான். எழுதுகிறவரும் நானும் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மாதாமாதம் தள்ளி நின்று, "இந்தக் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது" என்று அஞ்சலட்டையிலும் வாட்ஸப்பிலும் சொல்பவர்கள் நீங்கள். சிலர் கொஞ்சம் உரக்கவே சொல்கிறீர்கள். பரவாயில்லை, கை வலிக்கும்போது மெல்லச் சொன்னால் காதில் விழாது.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுப் படங்களை மாட்டும்போது ஒரு வேலை செய்யுங்கள். பெரியவர்கள் ஸ்டூல் ஏறட்டும். தள்ளி நின்று சொல்லும் பொறுப்பைப் பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுங்கள். அப்பாவை இடம் வலம் என்று ஆட்டிவைக்க அவர்களுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. படத்தில் இருக்கும் பாட்டி யார், எந்த ஊர், அந்தப் புடவை எங்கே வாங்கியது என்ற கேள்விகளும் அப்போதுதான் வரும். பதில் சொல்ல நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் முதலில் மாட்டிய படம் எது, ஏன் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்காரர்களின் கடிதங்களுக்கு முதல் உரிமை.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்